கேமராவுக்குப் பின்னால் நின்றவர்

அறையை இருட்டாக்க ஜன்னலில் கம்பளியைக் கட்டியது ஷியாமளா. சுவரில் கணவன் சீதாராமனின் வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தது ஷியாமளா. வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்ததும் அவள்தான். இப்போது ஸ்டூல்மேல் உறுமிக்கொண்டிருந்த புரொஜெக்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தாள். தலைகீழாகச் செருகினால்தான் சுவரில் படம் நேராக விழும். வாங்கிச் செருகிவிட்டுக் கதை சொல்வது சீதாராமனின் பங்கு.

வெள்ளிக்கிழமை பிற்பகல். அபுதாபியில் அந்த வெயிலில் யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். அதனால் வந்தவர்களுக்கும் எழுந்து போகிற அவசரம் இல்லை. பாங்க் உத்தியோகஸ்தர் அனந்தகிருஷ்ணனும் அவர் மனைவி ஜெயலட்சுமியும் சோபாவில் இருந்தார்கள். கீழ்த்தளத்துத் துணிக்கடைக்காரர் கௌஸ் முகைதீன் நாற்காலியில். அவர் மனைவி நஸீரா ஜமுக்காளத்தில் காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அர்ஜென்டினாவுக்குப் போய்வந்த தமிழர்கள் என்று அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

"இது மெந்தோசா. ஊரைச் சுத்தி எங்க பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். பின்னால வெள்ளையாத் தெரியறது பாருங்கோ, அதான் ஆண்டிஸ் மலை" என்றான் சீதாராமன். "பாவம், இவளுக்குத்தான் அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்கலை. நாலு நாள் ரூமைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. நான் மட்டும் பையை முதுகுல மாட்டிண்டு பஸ் பஸ்ஸா ஏறி எறங்கினேன்."

ஷியாமளாவின் கையில் இருந்த ஸ்லைடு அப்படியே நின்றது. தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தாள். "ம், அடுத்தது" என்று அவன் விரலைச் சொடுக்கினான். நீட்டினாள். நீட்டிய பிறகுதான் கோபம் வந்தது.

நடந்தது என்ன? பம்புகளைப் பார்வையிடக் கம்பெனி அவனை பியூனஸ் அயர்ஸுக்கு அனுப்பியபோது, இவளும் கூடப் போனாள். வேலை முடிந்த பிறகு மீதி நாட்களில் பஸ்ஸில் ஊர் சுற்றலாம் என்று திட்டம் போட்டதும், முதுகுப்பை வாங்கியதும் இவள். ராத்திரி முழுக்கப் பயணம் செய்து மெந்தோசா பஸ் நிலையத்தில் இறங்கியபோது இருவருக்கும் நல்ல பசி. அங்கே ஒரு தட்டில் சோமாசி அடுக்கி வைத்திருந்தார்கள். ஓரம் மடித்து, பொன்னிறமாக, சாட்சாத் தீபாவளிச் சோமாசி. ஷியாமளா கொஞ்சம் பொறுங்கள், கேட்டுவிடலாம் என்றாள். சோமாசியில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று சீதாராமன் மூன்றை உள்ளே தள்ளினான். காரமாக நன்றாயிருக்கிறது என்று பாராட்டு வேறு. பிறகு, உள்ளே என்ன என்று சைகையில் கேட்டதற்கு, கடைக்காரி சிரித்துக்கொண்டே இரண்டு விரலைத் தலைக்கு மேலே கொம்பு மாதிரி வைத்துக் காட்டி, 'ம்மா' என்று கத்தினாள்.

அதோடு படுத்தவன்தான். வாந்தி ஒரு வேளையில் நின்றுவிட்டது. ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் வாய் கொப்பளித்துக்கொண்டு, விமானம் பிடித்துத் திரும்பலாம் என்று முனகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பூராவும் அவள் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். "போறதானா போய்த் தொலை" என்றான். போனாள்.

மரப்பலகை இருக்கை போட்ட பஸ்கள். திராட்சை அறுப்புக்குப் போகும் பெண்கள், அவர்கள் மடியில் தகர வாளிகள். வழியில் பட்டாளத்துக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். உள்ளே இருந்த புடவைகளைப் பார்த்து ஒருவன் திரைச்சீலையா என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டான். பயமாகத்தான் இருந்தது. இருந்தும் அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அறுப்புப் பெண்களோடு ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் படுத்தாள், ரொட்டியும் திராட்சையும் தின்றாள். அவர்கள் நீட்டிய கோப்பையில் பாதியை, ஆமாம், ஒயினைத்தான், குடித்தாள். புளித்த நாவல்பழம் மாதிரி இருந்தது. முப்பத்தோரு வயதில் முதல் தடவையாக, நீ யார் வீட்டுப் பெண், யார் பெண்டாட்டி என்று யாருமே கேட்காத இடத்தில் அவள் இருந்தாள். வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்த நாட்கள் அந்த நாலுதான். அதைத்தான் இப்போது இவன் சுவரில் காட்டித் தன்னுடையது என்கிறான்.

திரும்பும் விமானத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். "அந்தச் சோமாசி விஷயம் யாருக்கும் தெரியவேண்டாம் ஷியாமு." அவளும் மனசார வாக்குக் கொடுத்தாள். தெரியாமல் நடந்ததற்கு அவன் என்ன செய்வான்? மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுடைய பயணத்தையே ஒருவன் சுருட்டிக்கொள்வான் என்று யார் கண்டது. என்ன நெஞ்சழுத்தம்!

அதிலும் எவ்வளவு சௌகரியம் பாருங்கள். ஒரு படத்திலும் அவன் இல்லை. இருக்க முடியாது, அவன் போகவே இல்லையே. ஆனால் ஒரு படத்திலும் அவளும் இல்லை. படமெடுத்தவள் படத்தில் எப்படி விழுவாள்? நான்தான் எடுத்தேன் என்று யார் முந்திச் சொல்கிறார்களோ அவர்களுக்கே நாலு நாளும் சொந்தம்.

"பட்டாளத்தான் பையைக் கொட்டினான். நான் அசரலையே" என்று சொல்லிக்கொண்டிருந்தான் சீதாராமன். அவள் வந்து சொன்ன கதை, அவள் சொன்ன அதே வரிசையில். "ஒயின் குடுத்தா. தொடலை. வெறும் திராட்சை ஜூஸ்தான்."

"யப்பா, பெரிய ஆளுய்யா நீ" என்றார் அனந்தகிருஷ்ணன்.

நஸீரா தலையைத் திருப்பினாள். "ஏன் அண்ணே, அந்த பஸ்ல எல்லாம் பொம்பளைங்க தனியா போக முடியுமா?" அவள் அதைச் சும்மா கேட்கவில்லை. இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷத்தில், கடைத்தெரு முனை வரைக்கும்கூட அவள் தனியாகப் போனதில்லை.

சீதாராமன் சிரித்தான். "நன்னாக் கேட்டே போ! லேடீஸுக்கு லாயக்கே இல்லாத எடம்மா அது. இவளையே கேளேன். ரூம்ல இருந்துண்டே பயந்து நடுங்கினா."

கௌஸ் முகைதீன், கேட்டுக்கிட்டியா என்பது போல் மனைவியைப் பார்த்தார். நஸீரா, சரிதான் என்று தலையாட்டிவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அந்தத் தலையாட்டலைத்தான் ஷியாமளாவால் பொறுக்க முடியவில்லை. தன்னை ஏமாற்றினான், போகட்டும். இந்தப் பெண்ணை எதற்கு வீட்டுக்குள் தள்ளிப் பூட்டுகிறான்? வாயைத் திறந்து உண்மையைக் கொட்டிவிடலாம். கொட்டினால் சோமாசியும் சேர்ந்துதான் வெளியே வரும். கொடுத்த வாக்கை மீற அவளுக்கு இஷ்டமில்லை. தவிர, படுக்கையில் கிடந்த புருஷனை விட்டுவிட்டு ஊர் சுற்றியவள் என்று ஜெயலட்சுமி நாளைக்கே நாலு வீட்டில் சொல்லுவாள். சொல்லட்டும் என்று இருந்தது.

நேற்று சீதாராமன், நன்றாக வரவில்லை, வேண்டாம் என்று கழித்து பிஸ்கட் டப்பாவில் போட்டிருந்த ஸ்லைடுகள் அவளுக்குப் பின்னால் இருந்தன. எதை எதற்காகக் கழித்தான் என்பது இப்போது புரிந்தது. இருட்டிலேயே கையை விட்டு ஒன்றை எடுத்து, விளக்கொளியில் ஒரு நொடி பிடித்துப் பார்த்தாள். சீதாராமன் மலைச் சிகரத்தைக் காட்டுவதற்காக ஸ்கேலோடு சுவரருகே போயிருந்தான். அவளே செருகித் தள்ளினாள்.

திராட்சைக் கொடிக்கு நடுவே ஐந்தாறு பெண்கள், தலையில் துணி, கையில் வாளி. வேட்டியில் தெரிந்தவர்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்து வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நெற்றியிலெல்லாம் சிவப்பாக, வட்டமாகச் சாந்துப் பொட்டு.

"அட! பொட்டு வெச்சிருக்காங்க" என்றாள் நஸீரா.

ஜெயலட்சுமி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். "நீங்கதானே தனியாப் போனேள்? அப்போ இவாளுக்கெல்லாம் யார் இட்டுவிட்டா?"

அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "என்னய்யா சீதாராமா... ஊர் பேர் தெரியாத பொம்மனாட்டிகளுக்கெல்லாம் நீயா பொட்டு வெச்சே?"

"சேச்சே, நான் எதுக்கு... அது வந்து..." சீதாராமன் ஷியாமளா பக்கம் திரும்பினான். புரொஜெக்டரின் வெளிச்சம் கண்ணில் அடித்ததில் அவள் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது. அவள் அடுத்த ஸ்லைடை எடுக்கவில்லை.

நஸீரா சுவரை விட்டுவிட்டு, மெல்ல ஷியாமளாவைத் திரும்பிப் பார்த்தாள். சுவரருகே நின்ற சீதாராமனின் வெள்ளைச் சட்டைமேல், படத்தின் ஓரத்தில் இருந்த ஒரு பெண்ணின் முகம் விழுந்திருந்தது. வரிசையில் பொட்டில்லாமல் மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான். கண்ணை இறுக மூடி, நெற்றியை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள்.