மடிப்புக்குள் இருந்த கேள்வி

விசாரணைக் கமிஷனுக்குப் போகிறவள் கிளிப்பச்சைப் பட்டுப்புடவையா கட்டிக்கொண்டு போவாள் என்று ஷ்யாம் கேட்டான்.

"சாமியார் காவி கட்டிட்டு வரலாம், நான் பச்சை கட்டிட்டு வரக்கூடாதா?" என்றேன்.

"கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி இருக்குக்கா. நக்கோ, வேணாம்."

"ஹவ், ஆமா, கல்யாணம்தான். ஆட்டோல ஏறு."

ஷ்யாம் என் தம்பி. முப்பது வயது. பயம் வந்தால் வாய் ஓயாது அவனுக்கு. அன்று திருமுல்கேரியிலிருந்து தார்நாகா போய்ச் சேரும்வரை கிரிக்கெட், ஆட்டோ மீட்டர், அவன் ஆபீஸ் காபி மெஷின் என்று பேசிக்கொண்டே வந்தான். எனக்கும் பயம்தான். ஆனால் பயந்தவள் மாதிரி போய் நிற்கக்கூடாது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். அதற்குத்தான் புடவை.

கதை தெரியாதவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தத் தெலுங்கு ஊரில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு சாந்தவிரத சுவாமிகள் என்றால் கண்கண்ட தெய்வம். அவருடைய ஆசிரமத்துக்கு மௌனக் குடில் என்று பெயர். அதில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம், பட்டான்செருவில் அதற்கு ஒரு கிளை. போன வருஷம் பட்டான்செரு கிளையில் படித்த ஒரு பையன், பாட்டு வாத்தியார் தன்னிடம் என்ன செய்தார் என்று அம்மாவிடம் சொன்னான். அந்த அம்மா ஆசிரமத்துக்குப் போகவில்லை, நேரே போலீஸுக்குப் போனாள். மகராசி. வாத்தியார் இப்போது உள்ளே இருக்கிறார். அவளைப் பார்த்து இன்னும் ஏழு பேர் தைரியமாக வந்து சொன்னார்கள். அதில் ஒருவன் ஷ்யாம். பெயரை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கம் வைத்த விசாரணைக் கமிஷனில் சொன்னார்கள். "மறைக்க வேண்டியது நான் இல்லையே" என்றான். அன்றைக்கு என் தம்பியை நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாத்தியாரின் குற்றத்தைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். கமிஷன் கேட்டது வேறு: இதெல்லாம் நடந்தபோது சுவாமிகளுக்குத் தெரியுமா, தெரியாதா?

ஷ்யாமுக்கும் அதுதான் கேள்வி. அவனுக்குப் பதினோரு வயதில், அம்மா போய் ஆறு மாதத்தில், அப்பா அவனை ஆசிரமத்திலேயே இருந்த ஹாஸ்டலில் விட்டார். ஆடி மாதம் முடிகிற சமயம் அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆசிரம வாசலுக்குப் போனார். அன்று வியாழன். வியாழக்கிழமைகளில் சுவாமிகள் பேசமாட்டார், அவர் எதிரே வேறு யாரும் வாய் திறக்கவும் கூடாது. அப்பா சொன்னதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போன வார்டன் கால் மணி நேரத்தில் டி.சி.யோடு திரும்பி வந்தார். சுவாமிகள் ஞானதிருஷ்டியில் பார்த்துவிட்டாராம், பையன் பொய் சொல்கிறானாம். அப்பா அந்த வாசலிலேயே ஷ்யாமை அறைந்தார்.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் "சாப்பிட்டியா", "ம்" என்ற இரண்டு வார்த்தைகளோடு குடித்தனம் நடத்தினார்கள். அப்பா வியாழக்கிழமைதோறும் ஆசிரமத்துக்குப் போவதை நிறுத்தவே இல்லை. அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று சுவாமிகள் "என்னிடம் யாரும் புகார் சொல்லவில்லை" என்று சொல்லி, அது அப்படியே அறிக்கையில் ஏறிவிட்டால், என் தம்பி இரண்டாவது தடவை பொய்யனாகிவிடுவான். இந்தத் தடவை அரசாங்க முத்திரையோடு.

கமிஷன் ஒரு பழைய அரசாங்கக் கட்டடத்தின் ஹாலில் உட்கார்ந்தது. இடது பக்கம் முழுக்க ஆசிரமத்துக்காரர்கள், வலது பக்கம் நாங்கள். தனியாக பஸ் பிடித்து வந்த அப்பா நடுவில், இரண்டு பக்கமும் இல்லாமல், கக்கத்தில் குடையோடு உட்கார்ந்தார்.

அன்றும் வியாழன். சுவாமிகளின் வக்கீல் கிரி வேண்டுமென்றே கேட்டு வாங்கிய தேதி அது. மௌன விரதக்காரரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாதே என்று கணக்கு. கமிஷன் நடத்திய ஓய்வுபெற்ற நீதிபதி உஷா தெலுங்குக்காரர், சட்டம் படித்தது சென்னையில். "பேச வேண்டாமே, எழுதட்டும். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

சாட்சி நாற்காலியில் விரிக்க இரண்டு சீடர்கள் ஒரு பட்டு மெத்தையைத் தூக்கி வந்தார்கள்.

"அது வேண்டாம்" என்றார் நீதிபதி. "இங்க வந்த பசங்க எல்லாரும் வெறும் நாற்காலிலதான் உட்கார்ந்தாங்க."

சுவாமிகள் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அது லேசாகக் கிறீச்சிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஷ்யாம் என் காலை மிதித்தான்.

கமிஷன் தரப்பு வக்கீல் ஸ்மிதா சின்னப் பெண். ஆனால் குரல் கணீரென்று இருந்தது. "பாட்டு வாத்தியார் பத்தி உங்களுக்கு எப்பவாவது புகார் வந்துச்சா?" என்று கேட்டார். சுவாமிகள் துண்டுச் சீட்டில் எழுதினார். கிரி வாங்கிப் படித்தார்: "எனக்கு எந்தப் புகாரும் வரவில்லை. வந்திருந்தால் சும்மா இருந்திருப்பேனா?"

இடது பக்கம் கைகூப்பியது. ஷ்யாமுக்குப் பேச்சு நின்றுவிட்டது. காலையிலிருந்து ஓயாத வாய் மூடிக்கொண்டதைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிரிக்கு அது போதவில்லை, நிரூபித்துக் காட்ட ஆசை. "சுவாமிகள் வியாழக்கிழமைகளில் எழுதிய ஒவ்வொரு சீட்டும் பத்திரமாக இருக்கிறது. ஒரு புகார்கூட இல்லை என்பதற்கு அதுவே சாட்சி" என்று சொல்லி சாம்பசிவம் மாமாவைக் கூப்பிட்டார்.

சாம்பசிவம் மாமா எங்கள் காலனிதான். மத்திய பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் ரெக்கார்ட் செக்‌ஷனில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். அங்கே கற்ற வித்தையை ஆசிரமத்துக்கு அர்ப்பணம் செய்திருந்தார். சுவாமிகள் எழுதிப் போட்ட சீட்டு ஒவ்வொன்றுக்கும் வரிசை எண், தேதி, நேரம், யாருக்கு என்று குறித்து, லேமினேட் செய்து, கோப்பில் சேர்ப்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் அந்தக் கோப்புகள்தான் வரும். பதினான்கு பெரிய கோப்புகளையும் ஒரு தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் மணமகனின் அப்பாவுடைய பெருமிதம்.

"ஒரு பேப்பர் தொலைஞ்சது கிடையாதும்மா" என்றார் ஸ்மிதாவிடம். "எந்தத் தேதி வேணா கேளுங்கோ."

பாவம் கிரி. அத்தனை சீட்டுகளையும் உட்கார்ந்து படித்திருக்கமாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டாயிரத்து ஆறு, ஆகஸ்ட் பதினேழு" என்றார் ஸ்மிதா. ஷ்யாமின் டி.சி.யில் இருந்த தேதி.

மாமா ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டார். "வரிசை எண் நானூத்திப் பன்னெண்டு. வார்டனுக்கு." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்: "வாத்தியாரைப் பட்டான்செருவுக்கு மாற்று. பையனை வீட்டுக்கு அனுப்பு. மௌனமே நல்லது."

இடது பக்கத்தில் சிலர் தலையாட்டினார்கள். கடைசி வரி அவர்களுக்கு மனப்பாடம். ஆசிரமத்தின் தினசரி காலண்டரில் மூன்று வருஷம் அச்சான அருள்வாக்கு அது! எங்கள் வீட்டுச் சமையலறையில்கூடத் தொங்கியது.

கிரி எழுந்தார். "ஒரு வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர். இதில் புகார் எங்கே வந்தது?"

"பதில் இருக்கு. கேள்வி எங்கே சார்?" என்றார் ஸ்மிதா.

"கேள்வி பின்னாடி மடிச்சிருக்கும்மா. சுவாமிகள் எதிர்ல யாரும் பேசப்படாது இல்லையோ, அதனால கேக்கறவா சீட்டோட மேல் பாதில எழுதித் தருவா. அவர் கீழ்ப் பாதில பதில் எழுதுவார். அவர் கையெழுத்துதானே பிரசாதம்? நம்ம கிறுக்கல் வெளிய தெரியாதபடி அதை ரெண்டா மடிச்சு, பின்பக்கமாத் திருப்பி, அதோட லேமினேட் பண்ணிடுவோம். கேள்வியை நான் படிக்கறது வழக்கமில்லே."

சுவாமிகள் முதல் தடவையாக நிமிர்ந்து அந்தச் சீட்டைப் பார்த்தார்.

"பிரிக்கலாமா?" என்றார் நீதிபதி.

கிரி பதறினார். பூஜைக்குரிய பொருள், பக்தர்களின் மனம் புண்படும், வேண்டுமானால் நிபுணர் குழு வைத்து, இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து என்று அடுக்கிக்கொண்டே போனார். சாம்பசிவம் மாமா எதையும் கேட்கவில்லை. கையில் இருந்த சீட்டைப் பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஷ்யாமைப் பார்த்தார். சின்ன வயதில் அவர் வீட்டு மொட்டை மாடியில் பட்டம் விட்டவன் ஷ்யாம். எனக்கு மாமாவை நம்பலாமா என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அந்தச் சீட்டோடு வெளியே ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஓடினால் பிடிக்கப் புடவையைக்கூடச் சொருகிக்கொண்டேன்.

"கத்தரிக்கோல் இருக்கா?" என்றார் மாமா.

"சாம்பசிவம் சார், வேண்டாம்" என்றார் கிரி.

"பாதி ரெக்கார்ட் ரெக்கார்டே இல்லே சார். ஆபீஸ்ல என் கீழ வேலை பார்த்தவா யாராவது இப்படி மடிச்சு வெச்சிருந்தா மெமோ குடுத்திருப்பேன்."

ஸ்டெனோ கத்தரிக்கோல் நீட்டினாள். மாமா ஓரத்தை வெட்டி, பிளாஸ்டிக்கை உரித்து, மடிப்பை நகத்தால் நீவிப் பிரித்தார். வார்டன் எழுதியிருந்த மேல் பாதியை உரக்கப் படித்தார்:

"திருமுல்கேரி அருணாசலம் வாசலில் நிற்கிறார். பாட்டு வாத்தியார் தன் மகன் ஷ்யாமிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று புகார் சொல்கிறார். பையன் அழுகிறான். இந்த வருஷம் இது மூன்றாவது புகார். என்ன சொல்லி அனுப்புவது?"

படித்து முடித்ததும் மாமா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

நீதிபதி சுவாமிகளிடம் கேட்டார்: "கீழே இருப்பது உங்கள் கையெழுத்தா? இதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதினீர்களா?"

சுவாமிகள் பேனாவை எடுத்தார்.

"எழுத வேண்டாம். இதை மட்டும் வாயால சொல்லுங்க. சின்ன வயசுல நடந்ததைப் பசங்க எட்டு பேர் இங்க வாயாலதான் சொன்னாங்க."

சுவாமிகள் கிரியைப் பார்த்தார். கிரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றார் சுவாமிகள்.

சின்னக் குரல். வியாழக்கிழமையில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. இடது பக்கத்தில் ஒரு அம்மாள் பொசுக்கென்று எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. அடிக்கத் தெரியும், பட்டுப்புடவைக்காக விட்டேன்.

அப்போது நடுவிலிருந்து அப்பா எழுந்தார். குடை கீழே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அம்மா, நான்தான் அந்த அருணாசலம். ஒண்ணு சொல்லணும், எழுதிக்கிடுங்க."

"நீங்க சாட்சி பட்டியல்ல இல்லையே" என்றார் நீதிபதி.

"இல்லம்மா. ஆனா சாமி மட்டும் பதில் சொன்னா எப்படி? நானும் சொல்லணும்லா. எம்மவன் எங்கிட்ட உள்ளத உள்ளபடி சொன்னான். நான் அவன நம்பல. இவுகள நம்பினேன். அந்த வாசல்ல வச்சு நாலு பேரு முன்னால அவன அடிச்சேன். அவன் பொய் சொல்லல. நான்தான் தப்பு பண்ணினேன். இத எழுதிக்கிடுங்கம்மா, அவன் பேரோட." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "ஏலே ஷ்யாமு, என்ன மன்னிச்சிருலே."

பத்தொன்பது வருஷம் நான் அந்த மனிதர் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகிறேனா சிரிக்கிறேனா என்றும் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஷ்யாம் எழுந்தான். முகம் முழுக்கச் சிவந்து, காதுவரைக்கும் ஒரு சிரிப்பு. பரீட்சை ரிசல்ட்டில் தன் பெயரைப் பார்த்துவிட்ட பையன் மாதிரி இருந்தான். நேரே நடுவில் போய் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பாவையும் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

நீதிபதி ஸ்டெனோவிடம் மெதுவாகச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். பிறகு திரும்பப் படித்துக் காட்டினாள்: "இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, பதினோரு வயதில், ஷ்யாம் உண்மையைச் சொன்னார். அவருடைய தகப்பனார் அதை இன்று உறுதி செய்கிறார். மௌனக் குடில் தலைவர் அதை அன்றே அறிந்திருந்தார் என்று ஒப்புக்கொள்கிறார்."

"திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் நீதிபதி.

ஷ்யாம் எழுந்து நின்றான். "திருத்தம் எதுவும் இல்ல மேடம். இன்னொரு தடவை படிக்கச் சொல்லமுடியுமா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தலையசைத்தார். ஸ்டெனோ மறுபடியும் முதலிலிருந்து, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, படித்தாள்.