தகவலுக்கு மட்டும்

போர்டுக்குக் குறிப்பு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எங்கள் சோப்புக் கம்பெனியில் சொல்வார்கள். பதினோரு வருடமாக இந்த வேலைதான். இயக்குநர்கள் ஏழு பேர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். எதுவும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது. அதனால் புது விஷயம் எதுவானாலும் முதல் கூட்டத்தில் 'தகவலுக்கு' என்று போகும். அடுத்ததில்தான் 'முடிவுக்கு' என்று வரும். தகவலுக்குப் போவதை ஒருவரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பாய்லர் பிரிவின் ஃபோர்மேன் என் அக்காவின் கணவர். அதிர்ந்து பேசாத மனிதர். ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து, கைப்பட எழுதிய நாலு பக்கத்தை நீட்டினார். பாய்லரின் உட்சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. பத்து நாள் நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். நிறுத்துவதற்கு போர்டு அனுமதி தேவை. கடைசி வரி, 'இது வெடித்தால் பக்கத்தில் நிற்பவன் பிழைக்க மாட்டான்.' அதன் அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதை அப்படியே அனுப்பினால் தலைவர் முகம் சுளிப்பார், உங்களுக்குப் பராமரிக்கத் துப்பில்லை என்று திருப்பி விடுவார்கள் என்று அத்தானுக்குப் பாடம் எடுத்தேன்.

"எடுத்த எடுப்புல போட்டு உடைக்கக் கூடாது அத்தான். இப்ப காதுல போட்டு வைப்போம். அடுத்த மீட்டிங்ல அனுமதி வாங்கிடலாம்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

தாங்கும் என்றேன். பாய்லரைப் பற்றி எனக்கு என்ன மண்ணாங்கட்டி தெரியும்?

நாலு பக்கம் ஒன்பது வரியானது. 'வெடித்தால்' என்பதை 'வரும் காலாண்டுகளில் கவனம் தேவைப்படலாம்' என்று மாற்றினேன். அந்த வரியை எழுதியதும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கூட்டத்தில் அந்தப் பக்கம் வந்தபோது தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். 'போர்டு கவனத்தில் கொண்டது' என்று மினிட்ஸில் நானே எழுதினேன். நல்லபடியாகப் போயிற்று என்று அத்தானிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு தன் ஆட்கள் யாரையும் பாய்லர் பக்கம் விடாமல், அழுத்தத்தைத் தானே போய்ப் பார்த்து வந்திருக்கிறார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த கூட்டத்துக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது பாய்லர் வெடித்தது. செத்தது அத்தான் மட்டும்தான்.

மறுவாரம் தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என் ஒன்பது வரிகளையும் இப்போதுதான் முதல் தடவையாக, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"நல்லவேளை, தெளிவா எழுதியிருக்கீங்க. அவசரம்னு எங்கயுமே இல்ல. கம்பெனி தப்பிச்சுது."

நன்றியும் சொன்னார். வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அத்தானின் காக்கிச் சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நீ போர்டுல சொன்னேல்ல?"

"சொன்னேன்க்கா."

வாயிலிருந்து அதுதான் வந்தது.

"எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்தை உங்கிட்ட குடுத்துட்டு வந்த அன்னிக்குத்தான் மனுஷன் நிம்மதியா தூங்கினாரு. உன் தங்கச்சி பாத்துப்பான்னாரு." கடைசிச் சட்டையைப் பையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கேஸ் போடப் போறேன். அவங்ககிட்ட முன்னாடியே சொன்னதுக்குச் சாட்சி இருக்கான்னு வக்கீல் கேட்டாரு. உன் பேரைக் குடுத்திருக்கேன்."