பறியின் வாயில் வைத்த ஓலை

உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர்களின் கோட்டையில் மாலை மணி அடிப்பதற்குள், வழக்கு விசாரிக்கும் கச்சேரிக்கு அழைக்கும் ஓலை நாகப்பன் கைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் குப்பம்மாளின் வழக்கைத் தள்ளிவிடுவார்கள். தான் இறால் பிடிக்கும் இடத்தை மறிக்கிறது என்று அவளுடைய வலையை நாகப்பன் அறுத்துப் போட்டிருந்தான். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வலைதான். இரண்டு மாதமாக அடுத்தவர் மீனைச் சுமந்துகொண்டிருந்தாள்.

கச்சேரிச் சேவகன் கோதண்டம் ஏற்கெனவே இரண்டு முறை தவறியிருந்தான். முதலில் நாகப்பன் பெண்டாட்டியிடம் கொடுத்தான். பிறகு கதவில் செருகிவிட்டு வந்தான். "அவன் கையில எடுக்கணும். அதப் பாத்த சாட்சி ஒண்ணு வேணும்" என்று எழுத்துக்காரர் இரண்டு முறையும் திருப்பி அனுப்பினார். கை, சாட்சி. வேறு ஏதாவது சொன்னாரா? நாகப்பன் இறால் பிடிக்கும் ஏரிக்கு வருவதற்குள் கோதண்டம் இடுப்பில் ஓலை இருக்கிறதா என்று எட்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டான்.

மார்பு வரை தண்ணீரில் குந்தியிருந்த நாகப்பன், சேவகனைக் கண்டதும் இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுக்கொண்டான். இறால் போடும் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தான். பறி அவன் முகவாய்க்குக் கீழே மிதந்தது.

கோதண்டம் தண்ணீரில் இறங்கினான். "கைய நீட்டு, நாகப்பா."

"ம்ஹும்."

பக்கத்தில் சேற்றைத் தடவி இறால் தேடிக்கொண்டிருந்த லட்சுமி வாயிலிருந்த கயிற்றை எடுத்தாள். "அவனுக்குக் கை இல்ல சேவகரே. நேத்துதான் நண்டு தின்னுடுச்சி."

கோதண்டம் ஓலையைப் பறிக்குள் போட்டான். உடனே சந்தேகம் வந்தது. பறி கையாகுமா? ஆகாது. திரும்ப எடுத்துக்கொண்டான். கோட்டை மதிலின் நிழல் தண்ணீரில் நீண்டு வந்தது.

லட்சுமி ஓர் இறாலைச் சேற்றிலிருந்து எடுத்துத் தன் பறியில் போட்டாள். கோதண்டம் அதையே பார்த்தான். பிறகு ஓலையை நாகப்பனுடைய பறியின் குறுகிய வாய் மீது குறுக்கே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றான்.

நாகப்பன் முறைத்தான். நேரம் போயிற்று. திடீரென்று அவன் தோள் அசைந்தது. சேற்றிலிருந்து ஒரு கை எழும்பியது. விரலிடுக்கில் பெரிய இறால் துள்ளியது. பறியின் வாய் அடைத்திருந்தது. மறு கை தானாக வந்து ஓலையை எடுத்தது. இறால் உள்ளே விழுந்த பிறகுதான் கையில் இருப்பதை அவன் கவனித்தான்.

"வெள்ளிக்கிழம காலையில கச்சேரி" என்றான் கோதண்டம். "வெள்ளிக்கிழம."

நாகப்பன் கயிற்றைத் துப்பினான். "இன்னாய்யா வேல இது? நான் ஒண்ணும் வாங்கல." ஓலையைத் தண்ணீரில் எறிந்தான்.

"எடுத்தத நான் பாத்தேன்" என்றாள் லட்சுமி. "வலைய அறுத்ததையும் பாத்தேன். கேட்டா அதையும் சொல்றேன்."

கோதண்டமும் லட்சுமியும் ஈரம் சொட்டக் கோட்டைக்கு ஓடினார்கள். லட்சுமி சாட்சி சொல்ல, எழுத்துக்காரர் எழுதி முடித்த பிறகுதான் மணி அடித்தது.

வாசலில் குப்பம்மாள் நின்றிருந்தாள். "வாங்கிட்டானா, நைனா?"

"கையால எடுத்தான். வெள்ளிக்கிழம நீ கச்சேரிக்கு வந்துடும்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோதண்டம் பத்தடி போய் நின்றுவிட்டான்.

"லட்சுமி, அவன்கிட்ட வெள்ளிக்கிழமன்னுதானே சொன்னேன்?"

"ரெண்டு தபா சொன்ன. போய் வேட்டியப் புழி."