ஸஹனின் ஆறாவது ஆள்

கணவரின் தங்கை பலீலா அதைக் காதோடு காதாகச் சொல்லியிருந்தால்கூட ஸுலைஹா பொறுத்துக்கொண்டிருப்பாள். மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அந்த ஸஹன்ல அஞ்சு பேர் போதும். மதினிதான் ரெண்டு ஆள் மாதிரியே."

பலீலாவின் மூத்த மகன் றுஷ்தியின் கல்யாணம் அது. கல்யாணச் சோறு ஸஹனில்தான் வரும். நடுவே மூடி போட்ட பெரிய தட்டு, அதைச் சுற்றிப் பாயில் ஆறு பேர், எல்லோர் கையும் ஒரே சோற்றில். அங்கே ஏழை பணக்காரர் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பருமனை மட்டும் பார்ப்பார்கள் போலிருக்கிறது. ஆறாவது இடம் காலியாகவே கிடந்தது. மற்றப் பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். ஸுலைஹாவுக்கு அன்று ஒரு வாய் சோறுகூட உள்ளே இறங்கவில்லை.

கணவர் காலமான பிறகு பதுளை பஸாரில் புடவைக்கடையைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்தியவள் அவள். இப்போது அறுபதை நெருங்கிவிட்டாள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, மூச்சு வாங்கல், மாடிப்படியைக் கண்டாலே அழும் முழங்கால்கள். பட்டினி கிடந்தும் பார்த்தாயிற்று, கஷாயம் குடித்தும் பார்த்தாயிற்று. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ஒபரேஷனைப் பற்றி டொக்டர்தான் முதலில் சொன்னார். அவள் சரி என்றது சீனிக்காகவும் முழங்காலுக்காகவும்தான். ஆனால் மனசுக்குள் இருந்தது அந்த ஆறாவது இடம். அடுத்த கல்யாணத்தில் தன்னோடு ஆறு பேராக உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

மகன் ஸியாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இந்த வயசுல அழகுக்கு ஒபரேஷனான்னு கேக்குறாங்க உம்மா."

"யாரு கேக்குறது?"

"பஸார்ல எல்லாரும்தான்."

"கேக்குறவங்களுக்கு என்ட முழங்காலக் கழட்டித் தாறேன். ஒரு நாள் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து பாக்கட்டும். அதுக்குப் பொறகு வந்து அழகப் பத்திப் பேசலாம்."

ஒபரேஷனுக்கு முன்னால் வெறும் நீராகாரம்தான் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈரலில் படிந்த கொழுப்புச் சுருங்கினால்தான் கத்திக்கு வழி கிடைக்குமாம். அந்த நாட்களில் பார்த்துத்தானா பலீலா தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பம் ஒரு சட்டியோடு வந்து நிற்க வேண்டும்?

"கடைசியா ஒரு கரண்டி தின்னுங்க மதினி. இதுவும் தண்ணி மாதிரித்தானே, வாயில வச்சதும் கரைஞ்சிரும். டொக்டர் என்ன வந்தா பாக்கப் போறாரு?"

"பாப்பாரு பலீலா. வயித்துக்குள்ள கேமராவ விட்டே பாப்பாரு."

சட்டியை மூடித் திருப்பி அனுப்பினாள். ரெண்டு ஆள் என்று சிரித்த அதே வாய்தான் இன்று தின்னச் சொல்லிக் கெஞ்சுகிறது என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. வெறும் சூப் மட்டும் கிடந்த வயிறு.

கொழும்பில் ஒபரேஷன் முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள்தான் போட்டார்கள். வலி என்னவோ பெரிதாகத்தான் இருந்தது. தண்ணீரைக்கூடக் கரண்டியால் நனைத்து நனைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் தாகம் தாங்காமல் ஒரு மிடறு சேர்த்து விழுங்கிவிட்டு, நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் துடித்துச் சுருண்டாள். வடிகட்டிய சூப், பிறகு மசித்த பருப்பு, பிறகு மீன் துண்டு என்று குழந்தைக்கு ஊட்டுவதைப்போல் மகள் ஆதிலா படிப்படியாகக் கொடுத்தாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. அழுதாள். பிறகு சீப்பைக் கழுவி வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.

கடையிலும் விட்டார்களா?

"முகம் வத்திப்போச்சே தாத்தா. ஏதும் பெரிய வருத்தமா?" என்றாள் சேலை பார்க்க வந்தவள். அக்காவைத் தாத்தா என்றுதான் அங்கே கூப்பிடுவார்கள்.

"பெருத்து ஈக்கும்போதுதான் லட்சணமா இருந்தீங்க" என்றாள் கூட வந்தவள்.

ஸுலைஹா அளவுகோலை மேசையில் டொக்கென்று வைத்தாள். "அப்ப ஏன் புள்ள அந்த நாள்ல ஒருத்தரும் அதச் சொல்லல்ல?"

அடுத்த வருஷம் பலீலாவின் மகள் றிப்தாவுக்குக் கல்யாணம். ஸுலைஹா யார் கையையும் பிடிக்காமல் பாயில் உட்கார்ந்தாள். முழங்கால் முணுமுணுத்தாலும் மடங்கியது. ஸஹனைச் சுற்றி ஒவ்வொருவராக வந்து அமர்ந்தார்கள். அவளோடு ஆறு பேர். நெஞ்சு நிறைந்தது.

அப்போது பலீலா இன்னொரு பெண்ணைத் தோளில் தட்டி அனுப்பினாள்.

"நீங்களும் அதுலயே குந்துங்க. மதினி தின்ன மாட்டாங்க. அவங்க கணக்குல இல்ல."

ஆறு பேருக்கான ஸஹனில் ஏழு பேர். மூடியைத் திறக்க ஒரு கை நீண்டது. ஸுலைஹா தன் உள்ளங்கையை மூடியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"பலீலா, இங்க வா."

"என்ன மதினி, சோறு ஆறிப் போகும்."

"ஆறட்டும். றுஷ்தி கல்யாணத்துல என்னைய ரெண்டு ஆளா எண்ணின. இன்னைக்கி ஆளே இல்லைங்கிற. எண்ணத் தெரியாதா உனக்கு? நான் ஒரு ஆள்."

பக்கத்து ஸஹன்களில் கைகள் சோற்றிலேயே நின்றன.

"சும்மா பகிடிக்குச் சொன்னது…"

"அன்னைக்கும் பகிடிதான். உன்ட பகிடிக்குச் சிரிக்க நான் வயித்த வெட்டல்ல."

ஏழாவதாக வந்தவள் எழுந்து, சத்தமில்லாமல் அடுத்த பாய்க்குப் போனாள். அங்கே இடம் இருந்தது. முதலிலேயே இருந்தது.

ஸுலைஹா கையை எடுத்தாள். மூடி திறந்தது, மஞ்சள் சோற்று ஆவி முகத்தில் அடித்தது. பிஸ்மி சொல்லி ஒரு சின்ன வாய் எடுத்து, கூழாகும்வரை மென்று விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் சோறு, ஒரு விரல் அளவு கோழி. அதற்குமேல் இடமில்லை. மற்றவர்கள் கோழியைப் பிய்த்துப் பங்கு வைத்தபோது அவளும் கையை நீட்டித் தன் பங்கை வாங்கினாள்.

"பலீலா, ஒரு பை தா."

"ஒங்களுக்குத்தான் தின்ன ஏலாதே மதினி."

"இன்னைக்கி ஏலாது. நாளைக்கித் தின்பேன், நாளண்டைக்கும் தின்பேன். என்ட பங்க எப்ப தின்னணும்னு நான் பாத்துக்கிறேன்."

பலீலா போய்ப் பையை எடுத்து வந்தாள். ஸுலைஹா கோழியை உள்ளே வைத்து, பையின் வாயை இறுக்க முடிச்சுப் போட்டாள்.