சின்னவள் வகுப்பில் பேசினாளா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து ஆரம்பித்தது. அதுவும் எங்களுக்காகச் செய்த கேக் இல்லை.

என் வீட்டுக்காரர் ஒரு பேக்கரியில் கேக்குக்கு மேலே க்ரீமால் பூப்போட்டுப் பெயர் எழுதுகிறவர். கேக் வேண்டுமென்று சொல்லிவைத்துவிட்டு வாங்க வராமலே போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படித் தங்கிப்போன கேக்கை முதலாளி இவரிடமே கொடுத்துவிடுவார். இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே இருக்கும் எழுத்தைக் கத்தியால் வழித்துவிட்டு எங்கள் வீட்டுச் செய்தியை எழுதுவார். 'இனிய மணநாள்' இருந்த இடத்தில் 'முதல் பல் விழுந்தாச்சு!' 'புதுக் கடைக்கு வாழ்த்துகள்' இருந்த இடத்தில் 'ஷூ லேஸ் கட்டத் தெரியும்!' வழித்த இடத்தில் பழைய எழுத்தின் சிவப்பு லேசாகத் தெரியும். அந்தச் சிவப்புத் துண்டு யாருக்கு என்றுதான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் இரண்டாம் வகுப்பு. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சின்னவள் இந்த ஆண்டுதான் பள்ளியில் சேர்ந்தாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். நான் அந்தக் காக்கைதான், இதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. பள்ளி ஆண்டு முடிந்ததும், இரண்டு குஞ்சுகளும் எப்படி வளர்ந்தன என்று பத்திரிகைக்கு ஒரு கதை எழுதி, எல்லோரையும் படிக்கவைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

2

முதல் ஆரம்பம்: 'அந்த ஆண்டு முழுவதும் சின்னவள் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை.'

கிட்டத்தட்ட உண்மைதான். ஆனால் படிக்கிறவர் உடனே உச்சுக்கொட்டுவார். அவளைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்டத் தேவையில்லை. வீட்டில் சோப்பு நுரை வாய்க்குள் போனாலும் துப்பிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறவள் அவள். பள்ளி வாசலைத் தாண்டினால் மட்டும் கப்சிப். அதனால் இந்த ஆரம்பத்தை அடித்துவிட்டேன்.

இரண்டாவது ஆரம்பம்: 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு மொட்டு. அது மலரும் வேளையை நாம்'

(சீ! இதை நான் எழுதவில்லை, கை எழுதியது. பாதியில் விட்டேன். அப்படியே கிடக்கட்டும்.)

மூன்றாவது: 'டீச்சர் பெயர் கூப்பிட்டால் மற்ற பிள்ளைகள் "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவார்கள். சின்னவள் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள்.' இது பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன். டீச்சர் சின்ன வயதுக்காரர். தட்டும் சத்தம் கேட்டதும் வந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். வகுப்புப் பிள்ளைகளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிதாக எடுத்துக்கொண்டது நாங்கள்தான்.

டாக்டரிடம் காட்டினோம். அவர் காது, நாக்கு, தொண்டை எல்லாம் பார்த்தார். "ஒண்ணுமில்லம்மா. வீட்டில பேசறா இல்ல? வெளியிலயும் பேசுவா. நீங்க நெருக்காம இருந்தா போதும்" என்றார். நெருக்காமல் இருக்கும் பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை.*

* சொல்லியிருந்தால் எங்களுக்கு மருந்து எழுதிக் கொடுத்திருப்பார்.

3

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் என் வீட்டுக்காரர்தான். எழுத எழுத ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுகிற ஆளை எங்கே காணோம் என்று தேடவேண்டியிருக்கிறது. போன பக்கத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏம்மா, நான் இவ்வளவு நல்லவனா?" என்று கேட்டார். "கதையில மட்டும்" என்றேன்.

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது, வக்கீல்.

"அம்மா, 'வாதாடுவதால்'னு போட்டிருக்கே. நான் எப்ப வாதாடினேன்?"

"இப்ப பண்றது என்னடி?"

"இது கேள்வி. வாதம் வேற."

விரல் வைக்காமல் வாசிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்த ஆண்டு அவளுடைய பெரிய சாதனை. அதற்கும் கேக் வெட்டினோம். இப்போது நான் எழுதுவதையெல்லாம் வாசிக்கிறாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது.

"சரி, சின்னவளைப் பத்தி எழுதறியே, அவகிட்ட கேட்டியா?"

"அவளுக்குப் படிக்கவே தெரியாது. போடி, போய் விளையாடு."

போனாள். ஆனால் போகும்போது ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

4

ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தபோது, பள்ளி வாசலில் டீச்சர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னிக்குப் பேசிட்டாங்க."

"யாரு?"

"உங்க சின்னப் பொண்ணுதான். பக்கத்துப் பையன் அவளோட நீலக் கலரை எடுத்துட்டான். 'என் கலரைக் கொடு'ன்னு கேட்டா. மெதுவாத்தான். நான் கேட்காத மாதிரி இருந்துட்டேன். நீங்களும் ஒண்ணும் கேட்டுக்காதீங்க, என்ன?"

தலையைப் பலமாக ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே பையிலிருந்து போனை எடுத்தேன். இவரிடம் சொன்னேன். இவர் பேக்கரி முழுக்கச் சொன்னார். அன்று சாயங்காலம் யாரோ வாங்கிப்போக மறந்த பணி ஓய்வு கேக் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் 'பேசிட்டா!' என்று சுற்றிலும் பூவோடு எழுதியிருந்தார். மாடிவீட்டு அக்கா, எதிர்வீட்டுத் தையற்காரர், அவர் சம்சாரம், பிள்ளைகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. நான்தான் எல்லோரையும் கூப்பிட்டேன், சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எங்க, எங்களுக்கு ஒரு தடவை சொல்லிக்காட்டு பார்ப்போம்!" என்றார் மாடிவீட்டு அக்கா.

"என் தங்கமில்ல, என்ன சொன்னே, சொல்லு!" என்றார் தையற்காரர்.

"சொல்லுடா கண்ணு!" இது நான்.

சின்னவள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளை வெளியே வரவைக்க முடியவில்லை. மறுநாள் டீச்சர் பெயர் கூப்பிட்டபோது மேசையைத் தட்டவும் இல்லையாம். வீட்டிலும் கேட்டதற்கு மட்டும் பதில். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் குடும்பமாகச் சேர்ந்து, பூவெல்லாம் வைத்துச் செய்திருந்தோம்.

இரண்டு நாள் கழித்துத் தலைவாரிவிடும்போது அவளாகக் கேட்டாள்.

"நான் பேசினதை நீ ஏம்மா எல்லார்கிட்டயும் சொன்னே?"

"சந்தோஷத்தில சொன்னேன்டா."

"எனக்குப் பயமாயிடுச்சு."

சீப்பு கையிலேயே நின்றுவிட்டது.  வாரிய தலையையே மறுபடி முதலிலிருந்து வார ஆரம்பித்தேன்.

5

ஆண்டின் கடைசி நாள் அவள் வகுப்பில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் வந்து நின்று, இந்த ஆண்டு எனக்கு இது தெரிந்தது என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா அப்பாக்கள் பின்சுவரோரம் நின்று கேட்பார்கள். 'படம் வரைந்து காட்டினாலும் போதும்' என்று டீச்சர் எங்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. இது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். இவர் ஏதாவது கேட்க வாயைத் திறப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ஒரு கவளம் சோற்றை உள்ளே தள்ளிக்கொள்வார். வக்கீல் மட்டும் சமையலறைக்கு வந்து, "அம்மா, அவ குளிக்கும்போது தனியா ஏதோ சொல்லிப் பார்க்கறா. என்னன்னா..." என்றாள். ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். பொத்திய கைக்குள்ளும் வாதாடினாள்.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். என் கையில் இரண்டு இருக்கின்றன.

(அ) சின்னவள் முன்னால் வருகிறாள். மணிமணியாகப் பேசுகிறாள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், நான் தேம்பித் தேம்பி

இதை இவரிடம் காட்டினேன். மூக்கை உறிஞ்சினார். வக்கீலிடம் காட்டினேன். "இதுவும் இன்னொரு கேக்தாம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

(ஆ) சின்னவள் பேசவில்லை. படத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். பேசாவிட்டாலும் நீ என் பிள்ளைதான் என்று அம்மாவுக்குப் புத்தி வருகிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும். ஆனால் அவள் பேசாமல் இருந்து எனக்குப் புத்தி வர வேண்டுமா? அது அவள் வேலையா? போங்களய்யா.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், வக்கீல் என் நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கதையை முதலிலிருந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறாள். சின்னவள் பக்கத்தில் முட்டிபோட்டு நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேக், கூடம் நிறைய ஆள், மேசைக்கு அடியில் உட்கார்ந்தது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். எந்தப் பத்திரிகை ஆசிரியர் முன்னாலும் நான் இப்படித் தீர்ப்புக்காக நின்றதில்லை.

"நீலம் இல்ல" என்றாள் சின்னவள். "பச்சை."

"மாத்திடறேன்டா."

(மாற்றவில்லை. தப்பைக் கண்டுபிடித்தவள் அவள் என்று தெரிய வேண்டாமா?)

"கடைசியில என்ன எழுதப்போறே?"

"நீ சொல்லு. வேணாம்னா மொத்தத்தையும் கிழிச்சுடறேன்."

யோசித்தாள். அக்காவைப் பார்த்தாள். 

"கதவு வரைக்கும் எழுது" என்றாள் சின்னவள். "அப்புறம் நடந்து வந்தோமே, அதுவும் எழுதலாம். உள்ள நடந்தது வேணாம். நான் உன் காதில சொன்னதும் வேணாம்."

7

ஆகவே, கதவு.

அந்தக் கடைசி நாள் காலை நாங்கள் நால்வரும் போனோம். மற்ற பெற்றோர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். சின்னவள் வாசற்படியில் நின்று, என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"நீங்க மூணு பேரும் வெளியவே இருங்க."

 எத்தனை மாதமாகக் காத்திருந்தேன்! எந்த அம்மா வெளியே நிற்பாள்? சரி என்றேன். அவள் உள்ளே போனாள். டீச்சர் எங்களைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் கதவைச் சாத்தினார்.

செருப்பு அடுக்குகிற அலமாரிக்குப் பக்கத்தில் நின்றோம். இவர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே ஒரு பையன், தனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும் என்று சொல்லிவிட்டு எண்ணவும் ஆரம்பித்தான். நாற்பது தாண்டியதும் டீச்சர் நிறுத்தினார். ஒரு பெண் டிபன் பெட்டியைத் தானே திறப்பதாகச் சொன்னாள். பிறகு டீச்சர் சின்னவள் பெயரைக் கூப்பிட்டார்.

இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.  வக்கீல் இரண்டு கைகளாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள், கேட்டால் தப்பு என்று நினைத்தாளோ என்னவோ. நானும் பொத்திக்கொண்டேன். எங்களைப் பார்த்து இவரும்.

உள்ளே நடந்தது (வேண்டாம் என்றாளே, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

8

கதவு திறந்ததும் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, வேண்டுமானால் நீங்கள் முயன்று பாருங்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தோம். இவரும் வக்கீலும் முன்னால், நானும் சின்னவளும் பின்னால். எனக்கு நாக்கு நமநமவென்று அரித்தது. கடித்துக்கொண்டேன்.

பாதித் தெரு போனதும் சின்னவள் நின்றாள். என் கழுத்தைக் கட்டிக் கீழே இழுத்து, காதில் வாயை வைத்துச் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பச் சொன்னாள். நான் அப்படியே நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்திருந்தேன். சைக்கிள்காரர் ஒருவர் திட்டிக்கொண்டே விலகிப் போனார். கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கு வந்தது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

முன்னால் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். கேட்கக்கூடாது என்பதற்காக உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேணாம்" என்றாள் சின்னவள். என் கையை விட்டாள். "நானே சொல்றேன்."

ஓடினாள்.

வாசகரே, உங்களுக்கும் அதேதான். என்னைக் கேட்காதீர்கள். என்றாவது அவளைப் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள், வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். அவளுக்குத் தோன்றினால் அவளே சொல்லுவாள்.