கை கழுவப் போன நேரம்

அக்காவின் காருக்கு நானே ஆயில் மாற்றுகிறேன் என்றதும், மாமா காரைத் தடவிக்கொடுத்து, "இத்தனை நாள் நல்லாத்தானே ஓடினே" என்றார்.

அக்கா சாவியை ஆட்டிக் காட்டினாள். "சரியா மாத்திட்டா இன்னிக்கு வகுப்புக்கு நீயே ஓட்டிட்டுப் போ. சொதப்பினா, இனிமே சாவியைத் தொடவே கூடாது."

மெக்கானிக் வகுப்புக்கு பஸ்ஸில் வருகிறவள் நான் ஒருத்திதான்.

பழைய ஆயிலை வடித்தேன். ஃபில்டரை மாற்றினேன். கீழே போல்ட்டை இறுக்கினேன். இறுக்கினேனா என்று மறுபடி குனிந்து பார்த்தேன். புது ஆயிலைச் சற்றுக் குறைவாகவே ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினேன். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும். அதற்குள் கை கழுவப் போனேன். நகக்கண் வரை தேய்க்காவிட்டால் எனக்கு ஆகாது.

திரும்பி வந்து அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நின்றது. பழையது முழுதாக வடியவில்லையா? ஊற்றும்போது கவனம் பிசகியதா?

அப்போதுதான் புனல் கண்ணில் பட்டது. நான் துடைத்துக் கவிழ்த்து வைத்தது, நனைந்து மல்லாந்து கிடந்தது. மிச்சம் வைத்திருந்த ஆயில் கேனைத் தூக்கினால் காற்றாக இருந்தது.

அக்கா ஏற்கெனவே நனைந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமா பளபளக்கும் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எல்லாம் சரியா இருக்கு. ஸ்டார்ட் பண்றேன்" என்றேன் சத்தமாக. "ஆயில் கூடிப்போனா இன்ஜினே போயிடுமாம். நல்லவேளை, நான் குறைச்சுதான் ஊத்தினேன்."

"ஏய், நில்லுடி!" அக்கா ஓடிவந்தாள். "கம்பி நுனியில பொட்டு மாதிரிதான் இருந்துச்சு. நீ மறந்துட்டேன்னு நான் கொஞ்சம் ஊத்தினேன்."

மாமாவின் துணி கீழே விழுந்தது. "நீயும் ஊத்தினியா?"

"நிறுத்தின உடனே பார்த்தா அப்படித்தான் தெரியும். இறங்க வேணாமா?" என்றேன்.

"எல்லாம் உங்க அக்கா அவசரம்."

"ஆமா, உங்க கை மட்டும் தானா ஊத்திடுச்சாக்கும்!"

போல்ட்டைத் தளர்த்தி வடிக்கும் வேலை மாமாவுக்கு, தட்டு பிடிப்பது அக்காவுக்கு. "ஒரு சொட்டு தரையில விழக்கூடாது மாமா" என்று மேலே நின்று மிரட்டினேன். பிறகு இன்ஜினை ஓட்டி நிறுத்தி, புனலை மடியில் வைத்துக் காவல் உட்கார்ந்தேன்.

ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அக்கா முறைத்துக்கொண்டே சாவியை நீட்டினாள்.

கழுவாத ஆயில் கையோடுதான் வகுப்புக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.