போகாத ஊரில் ஒரு ரூம்

அந்த மாடி ஆங்கில வகுப்பில் புத்தகம் கிடையாது. விடுமுறைக்கு எங்கே போனீர்கள் என்று டீச்சர் ஆங்கிலத்தில் கேட்பார். போயிருந்தாலும் போகாவிட்டாலும் எழுந்து நின்று ஆங்கிலத்தில் அளக்க வேண்டும். அதுதான் பாடம்.

சுற்றுலா பஸ் ஓட்டுகிறவருக்கு அளப்பது தண்ணீர் பட்ட பாடு. நாலு வார்த்தை ஆங்கிலம் பேசுகிற டிரைவருக்குத்தான் இனி வண்டி என்று கம்பெனி சொல்லிவிட்டதால் சேர்ந்தார். ஜோடி போட்டுப் பேச ஆள் வேண்டுமென்று மனைவியையும் இழுத்து வந்தார். அவள் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு வந்ததற்குக் காரணமே வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை எங்கேயும் கூட்டிப் போனதில்லை. கேட்டால், வருஷம் முழுக்க ரோட்டில் கிடக்கிறேன், வீட்டிலாவது உட்கார விடு என்பார். அவரோடு ஒரு தடவையாவது ஊர் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. நிஜத்தில் நடக்காவிட்டால் போகிறது, ஆங்கிலத்திலாவது நடக்கட்டுமே!

அன்றைக்குக் கூடப் படிக்கிற சலூன்காரர் ஆரம்பித்து வைத்தார். மாமியார் வீட்டில் பத்து நாள் தங்கினால் அது ஹாலிடேயா, வெக்கேஷனா என்று கேட்டார். அதை மாமியாரிடம்தான் கேட்க வேண்டும் என்றார் நர்ஸ். இரண்டும் ஒன்றுதான், நாட்டுக்கு நாடு சொல்வது மாறும் என்று டீச்சர் தீர்த்துவைத்தார். போகிற வழி மட்டும் என்றால் ஜர்னி, போய்த் தங்கித் திரும்பினால் ட்ரிப் என்றும் சொல்லிவிட்டு, டிரைவரை எழுப்பினார்.

அவர் அவிழ்த்துவிட்டார். மனைவியோடு கடற்கரைக்கு ட்ரிப் போனாராம். ஜர்னி சுகமாம். மனைவி வழி முழுக்கத் தூங்கினாளாம். ஓட்டலில் ரூமும் கிடைத்ததாம், பின்பக்கம், கார் நிறுத்துகிற இடத்தைப் பார்த்தபடி.

ரொம்ப ரசித்தேன் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். மெஷினை மிதித்துக்கொண்டே நாளெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம்தான். ஆனால் வாய் வரவில்லை.

"நான் எங்கங்க தூங்கினேன்?" என்றாள் தமிழில். "சரி, தூங்கினேன்னே வெச்சுக்குங்க. பொய்தானே சொல்றீங்க? அதுலகூட கடல் தெரியற மாதிரி ஒரு ரூம் எடுக்க மனசு வரலையா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டிரைவர் அசடு வழிந்தார். கடல் பக்கத்து ரூமெல்லாம் நிரம்பிவிட்டதாகச் சமாளித்தார். இல்லாத ஓட்டலில் ரூம் நிரம்பிவிட்டதாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போயும் அந்த ரூம் விவகாரம் ஓயவில்லை. பார்க்காத கடலுக்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைப்பதோடு அவள் பேச்சு முடிந்தது.

அடுத்த வகுப்பில் அவளே எழுந்தாள். ஆங்கிலம் தடுக்கவில்லை. ட்ரிப் போனோம் என்றாள். ஜன்னலைத் திறந்தால் கடல், பெரிய பால்கனி, அவர் பஸ் ஓட்டவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தார் என்றாள். டீச்சருக்கு வாயெல்லாம் பல். பெட்டியில் என்னென்ன எடுத்து வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

பால்கனியே கட்டிய வாய்க்கு ஒரு பெட்டி அகப்படவில்லை. துணி, சீப்பு, சோப்பு என்று டீச்சர் எடுத்துக் கொடுத்தார். அந்த வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரியும். எதில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

டிரைவர் மெல்ல எழுந்தார். "எங்க வீட்டுல பெட்டியே கிடையாது மேடம்," என்றார்.

ஊரார் பெட்டியையெல்லாம் தூக்கித் தூக்கி பஸ்ஸில் அடுக்குகிற மனுஷனுக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைத்தெருப் பக்கம் நடந்தார். அவளும் கூடவே போனாள். வாசல் வரைக்கும் பெட்டிகளை அடுக்கியிருந்த ஒரு கடையில் நின்று, எவ்வளவு பெரிசு எடுக்கலாம் என்று அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்க துணியும் கொள்ற மாதிரி," என்றாள் அவள்.